ஏரிக்கரைச் சறுக்கு

திண்டிவனத்தில் என் மகளைப் புகழாதவர்கள் இல்லை. செல்விக்கு எட்டு வயது. தாயை இழந்த பிள்ளை எவ்வளவு அடக்கமாக இருக்கிறது பாருங்கள் என்றார்கள். கோயிலில் முழந்தாளிட்டால் பூசை முடியும்வரை அசைவதில்லையாம். தெருவில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடினாலும் தலை திரும்புவதில்லையாம். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளைகளைத் திட்டும்போது செல்வியைக் காட்டித்தான் திட்டுகிறாள் என்று என் மைத்துனி சவுரியம்மாள் பெருமையோடு சொன்னாள்.

நான் கேட்டுக்கொண்டேன். அந்த வருஷம் யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டேன். என் மனைவி அமலோற்பவமேரி ஐப்பசியில் டைபாய்டு கண்டு இறந்தாள். எனக்கு விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் வேலை. யுத்தச் சாமான் ஓயாமல் போய்க்கொண்டிருந்த காலம். எப்போது கூப்பிடுவார்கள், எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. பெண்பிள்ளையைக் குவார்ட்டர்ஸில் தனியாக விடக் கூடாது என்று உறவினர்கள் கூடி முடிவு செய்தார்கள். சவுரியம்மாள் என் மனைவியின் அக்காள். அவளும் அவள் கணவர் ராயப்பனும் செல்வியைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ராயப்பன் கோயிலில் உபதேசியார்; பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்றார்கள். தலையாட்டினேன்.

விழுப்புரத்தில் அவள் இப்படி இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வாசலில் எறிந்துவிட்டுப் போனால் விளக்கு வைக்கும்போதுதான் வருவாள். ரயில்வே காலனிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் யார் யாரோடோ ஓடுவாள். என்ன ஆட்டம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. முழங்காலில் எப்போதும் காய்ந்த ரத்தம் இருக்கும். அமலோற்பவம் அதைக் கழுவிக்கொண்டே, இன்றைக்கு யாரை அடித்தாய் என்று விசாரிப்பாள்.

திண்டிவனத்துக்கு ஞாயிறுதோறும் பாசஞ்சரில் போனேன். செல்வி கறுப்புப் பாவாடையில் எதிரே உட்காருவாள். சாப்பிட்டாயா என்பேன். சாப்பிட்டேன் என்பாள். பிறகு இருவரும் பேசாமல் இருப்போம். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் வேலையாகத் திண்டிவனம் ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். வேலை சீக்கிரம் முடிந்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் யாரும் இல்லை. உள்ளறையில் ஜன்னலுக்குக் கீழே செல்வி உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் கணுக்காலில் ஒரு பாவாடை நாடா சுற்றியிருந்தது. அதன் மறுமுனை ஜன்னல் கம்பியில் இருந்தது. முடிச்சுக்கு மேல் முடிச்சு. நாடா அழுந்திய இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. ஐப்பசிக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

சவுரியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இது இன்னா அண்ணி? புள்ளையா, மாடா?"

"நான் கட்டல தம்பி," என்றாள்.

நான் நம்பவில்லை. பெற்றிருந்தால் தெரியும் என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. எனக்கு அது போதவில்லை. என் பிள்ளையைக் கட்டிப்போட்டுவிட்டு ஊரில் நல்ல பெயர் வாங்குகிறீர்களா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவள் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா கட்டல," என்றாள் செல்வி. "நான்தான் கட்டிக்கினேன்."

"ஏன்?"

"கால் தானா போய்டுதுப்பா."

குனிந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். அந்த நேரத்தில் சவுரியம்மாள் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள்.

போன மாதம் செல்வியை உப்பு வாங்க அனுப்பியிருக்கிறார்கள். கடைக்குப் போகும் வழியில் ஏரிக்கரை. அங்கே பிள்ளைகள் பனைமட்டையில் உட்கார்ந்து கரைச் சரிவில் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இவளும் ஏறிவிட்டாள். பொழுது சாயும் நேரத்தில், பாவாடை கிழிந்து, உடம்பெல்லாம் செம்மண்ணோடு, உப்பு இல்லாமல் வந்து நின்றாள். துக்கம் கழியாத பெண் கண்ட பிள்ளைகளோடு கூத்தடித்ததைத் தெருவே பார்த்துவிட்டது. ராயப்பன் அடிக்கவில்லை. அவர் யாரையும் அடிப்பவர் அல்ல. பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கியிருக்கிறார். உன் அம்மா உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிறாள். மோட்சத்துக்குப் போகுமுன் ஆத்துமாக்கள் நெருப்பில் கிடந்து சுத்தமாகும் இடம் அது. நீ ஜெபம் சொன்னால் அவள் கொஞ்சம் மேலே வருவாள். நீ ஆட்டம் போட்டால் திரும்பவும் நெருப்புக்குள் போவாள்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செல்வி தன் காலைத் தானே கட்டிக்கொண்டாள்.

"பக்தின்னு நெனச்சேன் தம்பி," என்றாள் சவுரியம்மாள். அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டும் இருக்கிறாள்.

ராயப்பன் கோயிலிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அறுந்து கிடந்த நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை மூலையில் சாய்த்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நீங்கள் சொன்னது உண்மையில்லை என்று இப்போதே செல்வியிடம் சொல்லுங்கள் என்றேன்.

"வேதத்துல இருக்கிறத இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்க பி.ஏ. படிச்சவரு தம்பி."

"எட்டு வயசுப் புள்ள சறுக்கினா அவ அம்மா வேகுவான்னு எந்த வேதத்துலண்ணே இருக்குது?"

"புள்ளைக்குப் புரியற மாதிரி சொன்னேன். இப்ப அடக்கமா இருக்குதா இல்லியா? நான் ஒரு அடி அடிச்சிருப்பனா?"

"அடிச்சிருக்கலாம். அடி ஆறிப்போயிருக்கும்."

அவர் பெருமூச்சு விட்டார். துக்கத்தில் பேசுகிறீர்கள் என்றார். அந்தப் பொறுமைதான் என்னை மேலும் எரித்தது. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். அவள் ஒரு காலை லேசாக இழுத்தபடி வந்தாள்.

ஏரியில் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. கரையின் உள்சரிவில் ஓர் இடம் மட்டும் புல் இல்லாமல், பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி வழவழவென்று இருந்தது. பிள்ளைகள் நிறைய, மட்டைகள் கொஞ்சம். பெரியவர் ஒருவரும் இல்லை. யாருடைய முறை என்பதில் ஓயாமல் சண்டை. அந்தச் சண்டையும் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்று தோன்றியது.

போய் ஆடு என்றேன். செல்வி நின்றாள். இன்னொரு முறை சொன்னேன். அதட்டலாகவே வந்தது.

"அம்மாவுக்குச் சுடும்," என்றாள்.

"சுடாது."

"உனுக்கு எப்படித் தெரியும்?"

காலேஜில் தர்க்கம் படித்தவன் நான். தெரியாது என்றேன். அம்மா ஒருநாளும் உன்னை ஆடாதே என்று சொன்னதில்லை என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். ஆனால் நகரவில்லை. ஜெபமாலை இன்னும் அவள் கைக்குள் இருந்தது. ராயப்பனின் ஒரு சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என் பத்துச் சொல்லால் அதை எழுப்ப முடியவில்லை. கரையில் கிடந்த கல்லைக் காலால் உதைத்தேன்.

அப்போது கீழிருந்து ஒரு சிறுமி மட்டையை இழுத்துக்கொண்டு ஏறி வந்தாள். செல்வி வயதுதான். பெயர் குப்பம்மாள் என்று பிறகு தெரிந்தது. அவள் அம்மா அன்றைக்கு மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே, களை பறித்துக்கொண்டிருந்தாள். குப்பம்மாளின் தலை முழுக்க மண். என்னை அவள் மனிதனாகவே மதிக்கவில்லை.

"ஏய், நீ அன்னிக்கு வந்தவதானே? வர்றியா, நவுர்றியா? கெழவியாட்டம் நின்னுக்கினு."

"நான் வரல," என்றாள் செல்வி.

"பயந்துக்கினா." குப்பம்மாள் இதை மற்றவர்களுக்குச் சொன்னாள். "அன்னிக்கே குப்புற உழுந்து அழுதா இவ."

"நான் அழல."

"அழுத. மூக்குகூட ஒழுவுச்சி."

செல்வியின் முகம் சிவந்தது. ஜெபமாலையைத் திரும்பிப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள். இரண்டு கையாலும் மட்டையைப் பிடித்து இழுத்தாள். குப்பம்மாள் விடவில்லை. தள்ளினாள். இவளும் தள்ளினாள். பிறகு மட்டை செல்வியின் அடியில் இருந்தது. குப்பம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அந்த வேகத்தில் செல்வி போனாள்.

பாதிச் சரிவில் மட்டை ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் உருண்டாள். நான் ஓரடி எடுத்து வைத்தேன். அங்கேயே நின்றுவிட்டேன். அவள் எழுந்தாள். வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். மேலே சிரித்துக்கொண்டிருந்த குப்பம்மாள் மீது ஒரு மண்கட்டியை எறிந்தாள். உருண்டு போனால் சறுக்கினதாகக் கணக்கா இல்லையா என்று இருவரும் கத்திக்கொண்டார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் மகளின் குரல் அவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதையே மறந்திருந்தேன்.

ராயப்பன் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நேராகச் சறுக்குத் தடத்தின் தலைமாட்டிலேயே வந்து நின்றார். நானும் அவர் முன்னால் போய் நின்றேன்.

நாளைக்கு இவளை எப்படிப் பூசைக்கு அழைத்துப் போவது என்று கேட்டார். அழைத்துப் போக வேண்டாம், சாயங்கால வண்டியில் என்னோடு விழுப்புரம் வருகிறாள் என்றேன்.

"அங்க யாரு பாத்துக்குவாங்க?"

"யாரும் பாத்துக்க வேணாம். கூட ஆடறதுக்குப் புள்ளைங்க இருக்குது. அது போதும்."

தறுதலையாகப் போவாள் என்றார். போகட்டும் என்றேன். அப்போதுதான் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"அமலோற்பவத்தோட ஆத்துமாவுக்கு யாரு வேண்டிக்குவாங்க?"

"நீங்க வேண்டிக்குங்கண்ணே. அது உங்க வேலை. அவ வேலை இது."

ஜெபமாலையை அவர் கையில் வைத்தேன். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. அவர் நல்லவர் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவும் கோபப்பட்டேன்.

செல்வி மட்டையோடு மேலே ஏறி வந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. பாவாடையில் கறுப்பு நிறமே தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசையாக முண்டிக்கொண்டு நின்றார்கள். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பெரியப்பா, தடத்துல நிக்கிறீங்க," என்றாள். "அப்பா, நீயுந்தான். நவுருங்க."

ராயப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் மட்டையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்கினார். நான் மறுபக்கம் ஒதுங்கினேன்.