ஆற்றுக்குள் ஒரு வெளியீட்டு விழா

எங்கள் ஊரில் ஆறு என்றால் மைதானம். ஆட்டுச்சந்தை, கிரிக்கெட், கட்சிக் கூட்டம் எல்லாம் குடகனாற்றுக்குள்தான். வெள்ளைக்காரன் காலத்தில் தண்ணீரை நம்பி வந்த, தோல் பதனிடும் தோல்ஷாப்புகளும், அவற்றைப் பார்த்து வந்த நூல் மில்லும் இப்போது லாரித் தண்ணீர் வாங்குகின்றன. ஆகவே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஸ்தனிஸ்லாஸ் எழுதிய ஊர் வரலாற்றின் வெளியீட்டு விழாவுக்கும் ஆற்று மணலில்தான் பந்தல் போட்டார்கள்.

சாருக்கு ஒரே ஆசை. புத்தகம் முழுவதையும் அவர் படிக்க, ஊர் உட்கார்ந்து கேட்க வேண்டும். இதுவரை எந்த மேடையிலும் அவரை இரண்டாம் பக்கம் தாண்டவிட்டதில்லை. சோடாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். இன்று மைக் அவருடையது.

“வற்றாத ஜீவநதியாம் குடகனாற்றின் மடியில் தவழும் தொழில் மாநகரே!”

“சார், மடியில மண்ணு சுடுது,” என்றான் மில்லில் வேலை பார்க்கும் முகேஷ்குமார். பந்தலே சிரித்தது.

தலைமை தாங்கிய பேரூராட்சித் தலைவர் வேலுசாமி நெளிந்தார். “சுருக்கா முடிங்க சார். சாணார்பட்டியில ஒரு காதுகுத்துக்குப் போகணும்.”

“இப்பத்தான் கி.மு.வுல நிக்கிறேன் தலைவரே.”

அவர் பாண்டியர் காலத்துக்கு வருவதற்குள் முன்வரிசைச் செருப்புகள் மிதக்க ஆரம்பித்தன. மலையில் பெய்த மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேர்ந்திருந்தது. கணுக்கால் அளவுதான். ஆனாலும் ஆற்றில் தண்ணீரைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள், பேயைக் கண்டதுபோல நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். பக்கமாக இருக்கிறதே என்று எல்லோரும் ஏறியது சுடுகாட்டுக் கரை. வீடும் வண்டியும் எதிர்க்கரையில். செத்த நேரத்தில் தண்ணீர் ஏறித் தரைப்பாலமும் முங்கிவிட்டது.

“வடிய எம்புட்டு நேரமாகும்லே?” என்றார் தலைவர்.

“சாயங்காலம் ஆயிரும்ணே,” என்றான் முகேஷ்குமார்.

ஸ்தனிஸ்லாஸ் சார் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஓட்டத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை. வேட்டியைப் பிழிந்துகொண்டு மேடான இடமாகப் பார்த்து ஏறினார்.

முகேஷ்குமார் கையெடுத்துக் கும்பிட்டான். “சார், ஜீவநதிதான். ஒத்துக்கிறோம். விட்ருங்க.”

“பேசாம உக்காரு அப்பு,” என்றார் சாரின் மனைவி ரூபி, நாற்காலியை நிமிர்த்திப் போட்டபடி. “கல்யாணம் ஆன நாள்லருந்து நான் கேக்கலையா?”

சார் ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். மைக் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை.

“அங்க கூச்சல்ல யாருக்கும் சரியா கேட்டிருக்காது,” என்றார். “முதல்லருந்து வாரேன்.”