உத்திரத்துக்கு ஏற்ற வீடு

1

இடுப்பு விட்டுப்போயிற்று. உட்கார்ந்தால் வலது தொடைவரை இழுக்கிறது. அதனால் இந்தக் கதையை அடுப்படி மேடையில் தாளை வைத்து, நின்றுகொண்டே எழுதுகிறேன். மூடிக் கிடந்த எங்கள் ரயில்பாதையைத் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆசை யாரை விட்டது, அவர்களோடு ஜல்லி வாரப் போனேன். பாதையைப் பராமரிக்கிற கேங்மேன் வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் பேனா பிடித்துக் கெட்டுப்போன உடம்பு. இந்தக் கதை எங்கே பிறந்தது என்று கேட்டால் மனசு, நினைவு என்றெல்லாம் அளக்க மாட்டேன். இடுப்பில் பிறந்தது.

2

முதல் வரி, முதல் முயற்சி: "பல்லாண்டுகளாகத் துருவேறித் துயின்ற அந்தத் தண்டவாளங்கள் மெல்லக் கண்விழித்தபோது

தண்டவாளத்துக்குக் கண் கிடையாது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் முயற்சி: "கடைசி வண்டி போன நாளில் அக்கா அழுதாள், ஏனென்றால்

பொய். அக்கா அழவில்லை. பிளாட்பாரத்தில் நின்று, "நாளைக்கு உங்க மச்சானுக்கு வேலை எங்கடா?" என்று என்னிடம் கேட்டாள். அழுதவன் நான். எனக்கு அப்போது வேலையும் கிடையாது, குடும்பமும் கிடையாது. அழ வசதி இருந்தது.

(இப்போதும் அந்த வண்டிச் சத்தம் ஞாபகத்தில் வந்தால், கூடவே அப்பாவின் சட்டையில் அடித்த கிரீஸ் வாடையும் வந்துவிடுகிறது. கடப்பாரை போட்டுப் பாதையை நிமிர்த்தும்போது அப்பா குரல் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள். அதில் பாதி கெட்ட வார்த்தை. அந்தப் பாதியைத்தான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன்.)

3

கதைக்கு வருகிறேன்.

பாதையை மூடியதும் அவரவர் கைக்கு எட்டியதை எடுத்துப் போனார்கள். பெஞ்சு டீக்கடைக்குப் போயிற்று, கடிகாரம் சலூனுக்கு. தண்டவாளங்களைத் துண்டு போட்டு வேலிக்கு நட்டார்கள். என் மச்சான் கீமேன். தினமும் காலையில் பாதையோடு நடந்து, தளர்ந்த ஆப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்குகிற வேலை. அவருக்கும் வீட்டுக்கு ஓர் உத்திரம் வேண்டியிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சொன்னார்:

"ஐயா, ஒரு தண்டவாளம் எடுத்துக்கறேன். திரும்ப வண்டி வந்தா குடுத்துடறேன்."

"வண்டி வந்தா நானே வந்து உன்கூட ஒரு முனை தூக்கறேன்யா" என்று சிரித்தார் மாஸ்டர்.

கொண்டுவந்த பிறகுதான் சிக்கல். தண்டவாளம் நீளம், போட நினைத்திருந்த வீடு சின்னது. ரம்பம் கொண்டுவந்தவனை மச்சான் விரட்டிவிட்டார். ஆயுசெல்லாம் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பொருளை அறுக்க அவருக்குக் கை வரவில்லை. உத்திரத்துக்கு ஏற்ற மாதிரி வீட்டைக் கட்டினார். ஒல்லியாக, நீளமாக, வரிசையாக மூன்று அறை. மூன்றாவதுக்குப் போக இரண்டாவதில் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊரே அதை ரயில்பெட்டி வீடு என்றது. வாசலில் யார் வந்து நின்றாலும் மச்சான் "டிக்கெட் இருக்கா?" என்பார்.

மச்சான் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு நிற்கிறது.

4

பாதையைப் புதுப்பிக்கும் மேஸ்திரி அந்தக் காலத்தில் மச்சானோடு வேலை பார்த்தவர். பழையதை எடுத்தவர்கள் திருப்பித் தாருங்கள், ஒரு கேள்வி கேட்க மாட்டோம் என்று ஊரெல்லாம் சொல்லச் சொன்னார். போனது இரண்டு பெஞ்சு, வந்தது மூன்று.* ஆனால் தண்டவாளம் மட்டும் எல்லாம் துண்டு துண்டாக வந்தது.

* மூன்றாவது பெஞ்சு பள்ளிக்கூடத்துடையது. ரோஷத்தில் யாரோ கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

எங்கள் ஸ்டேஷன்தான் கடைசி. இங்கே இன்ஜின் கழன்று, பக்கத்துப் பாதையில் சுற்றிப்போய் மறுமுனையில் மாட்டிக்கொண்டால்தான் வண்டி திரும்ப முடியும். அந்தப் பக்கத்துப் பாதையில் ஒரே ஒரு தண்டவாளம் குறைகிறது. புதுசு கனமும் உயரமும் அதிகம், பழசோடு சேராது. சுற்றுவட்டாரத்தில் அறுபடாத பழசு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதன்மேல் அக்காவின் கூரை இருக்கிறது.

5

"அண்ணி, உத்திரத்தப் பாக்க வந்தேன்" என்றார் மேஸ்திரி, அக்கா வாசலில் நின்று.

"பாத்தாச்சுல்ல, கிளம்புங்க."

"புதுசா இரும்புல நானே ஏத்தித் தர்றேன். ஒரு வாரம் கூரை இருக்காது, அவ்வளவுதான்."

"உங்க ஒரு வாரம் எனக்குத் தெரியாதா? சாக்கடை வெட்டறேன்னு வாசலத் தோண்டிப் போட்டீங்க, மூணு மாசம் பலகை மேல நடந்தேன்."

நடு அறையில் நிறைமாதமாகப் படுத்திருந்த மகள் குரல் கொடுத்தாள். "குடுத்துடேம்மா. நான் ஆஸ்பத்திரியிலயே போய்ப் படுத்துக்கறேன்."

"நீ சும்மா கிட. உன் தலைக்கு மேல இருக்கறதத்தான் கேக்கறாங்க."

மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்தார். "திங்கக்கிழமை அதிகாரிங்க பாக்க வர்றாங்க. இது முடியலன்னா வண்டி முந்தின ஸ்டேஷனோட திரும்பிடும். அண்ணன் குடுத்த வார்த்தை, அண்ணி."

"அவருக்கென்ன, வார்த்தையக் குடுத்துட்டுப் போயிட்டாரு. கூரைக்குக் கீழ இருக்கறது நான்ல?"

6

இதற்குப் பிறகு நான் எழுதியிருந்தது: அக்கா கண் கலங்க, "எடுத்துக்கோங்க" என்றாள். அதை அவளிடமே படித்துக் காட்டினேன்.

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்?"

"கதைக்காகக்கா."

"உன் கதைக்கு என் கூரைதான் கிடைச்சுதா? உன் வீட்டு ஓட்டப் பிரிச்சு எழுதேன்."

(நியாயம்தான். அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.)

அப்புறம் அவளாகவே சொன்னாள். "எனக்கு மட்டும் ஆசை இல்லையா? மூணு பஸ் மாறி வர்றா எம் மக. புள்ளையத் தூக்கிட்டு வர்றப்ப இங்கயே வந்து இறங்கணும்னு இருக்கு. ஆனா அவரு வார்த்தையோட மானத்தப் பாத்துக்கிட்டே பச்சப்புள்ளைய மழையில போட முடியுமா, சொல்லு."

இந்தப் பாத்திரத்தை நான் படைத்ததாகச் சொல்லிக்கொள்வதே அதிகப்பிரசங்கித்தனம்.

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: ஆட்கள் கூடி, அப்பா காலத்துக் குரலைக் கொடுத்து உத்திரத்தை இறக்குகிறார்கள். எழுதும்போது நானே மூக்கைச் சிந்தினேன். அதனால்தான் நம்பவில்லை.

இரண்டு: அக்கா தர மறுக்கிறாள். வண்டி முந்தின ஸ்டேஷனில் ஊதிவிட்டுத் திரும்புகிறது. காற்றடித்தால் எங்களுக்கும் கேட்கிறது.

மூன்று: குழந்தை முந்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே பிறந்து, எல்லாம்

வேண்டாம். பெற்றெடுக்கிறவளை அவசரப்படுத்த எனக்கு உரிமையில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. மேஸ்திரி இரண்டு பக்கமும் முடித்துவிட்டு நடுவில் காத்திருக்கிறார். அக்கா சாயங்காலம் நடந்து போய் அந்த இடைவெளியைப் பார்த்தாள். திரும்பி வந்து, கூரையின் ஒழுகல் எங்கெங்கே என்று கழியால் குத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது தருவதற்கா, தராமலிருப்பதற்கா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் வீட்டு நடு அறையில் நீங்களே படுத்து, ஒரு தடவை மேலே பார்த்துவிட்டு வையுங்கள்.

நான் எழுதி நிறுத்துகிற இந்த நேரம்வரை உள்ளது இதுதான்: என் மச்சான் இந்தப் பாதைக்குத் தர வேண்டியது ஒரு முழுத் தண்டவாளம். இன்னும் தரவில்லை.