நாலும் முப்பத்திரண்டு

எங்கள் வீட்டில் எதுவும் கத்தக்கூடாது. ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை என்று பீப் அடித்தால், என் கணவர் கதவை மூடமாட்டார். பீப் அடிக்கிற ஸ்பீக்கரைக் கழற்றிவிடுவார். சமையலறைக் கூரையில் இருந்த புகை அலாரம் இப்போது பேட்டரி இல்லாமல் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நான் கத்தினால் கழற்றுவதற்குத்தான் இன்னும் ஸ்குரூ கண்டுபிடிக்கவில்லை.

இந்த மனிதரிடம் பதினாறு வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. சிவப்பு நிறம், தரையோடு தரையாக உயரம், இரண்டே சீட். மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு சீட் கார் வாங்கியவரைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல?

போன வருடம் அந்தக் காரும் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கு உள்ளேயும் காற்றை அளந்து சொல்ல ஒரு சின்ன சென்சார் உண்டு. வயதானால் அதன் பேட்டரி தீர்ந்துவிடும். அதை மட்டும் மாற்ற முடியாது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, முழு சென்சாரையும் மாற்ற வேண்டும். முதல் சென்சார் செத்ததும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் டயரைக் கழற்றும்போது ரிம்மில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. நகத்தால் தடவினால்தான் தெரியும். அன்று ராத்திரி இவர் சாப்பிடவில்லை.

அடுத்த சென்சாரும் செத்தது, அதற்கடுத்ததும். விளக்கு அணையவே இல்லை. பிறகு திடீரென்று ஒரு நாள் அணைந்துவிட்டது. "சரி பண்ணிட்டேன்" என்றார். முகத்தில் பரீட்சை பாஸான பையனின் களை. நானும் நம்பினேன்.

எங்கள் இன்னொரு கார் கிளட்ச் வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில் கிடந்த வாரத்தில்தான் மகளுக்கு இன்டர்வியூ வந்தது. நெடுஞ்சாலையில் பாதி நாள் ஓட்ட வேண்டிய ஊர்.

"அப்பா, சிவப்பு வண்டிய எடுத்துட்டுப் போகட்டா?" என்று முந்தின நாள் சாயங்காலம் கேட்டாள். "டயரெல்லாம் நல்லாருக்கா? அந்த லைட் எரிஞ்சிட்டே இருந்துச்சே?"

அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு அவளை ஷெட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாவியைத் திருப்பினார். திரையில் நான்கு சக்கரங்கள், நான்கு எண்கள்.

"பாரு, நாலும் முப்பத்திரண்டு. ஏதாவது ஒண்ணுல காத்து கொறைஞ்சாலும் உடனே லைட் எரியும். நீ கவலப்படாம போ குட்டிம்மா."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவள் கிளம்பிப் போனாள். அவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். என்ஜின் உறுமல் தெருமுனையில் தேய்ந்த பிறகுதான் பாதி முகம் நுரையோடு ஓடிவந்தார்.

"போயிட்டாளா?"

"நீங்க ஷேவ் பண்ணிட்டிருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு சொல்லிட்டுப் போனா."

காலி ஷெட்டுக்குள் போனார், வந்தார். போனை எடுத்தார், வைத்தார். குட்டி போட்ட பூனை மாதிரி ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"இப்ப சொல்றீங்களா இல்லையா?" என்று வழியை மறித்து நின்றேன்.

"பின்னாடி இடது டயர்ல காத்து மெதுவா எறங்கும். நான்தான் அப்பப்ப அடிச்சு வைப்பேன். இன்னிக்கு அவ கெளம்பறதுக்கு முன்னாடி அடிக்கலாம்னு நெனச்சேன்."

"எறங்கினா லைட் எரியும்னு சொன்னீங்களே?"

அவர் திருதிருவென்று விழித்தார். "எரியாது."

"ஏன்?"

"சென்சாரெல்லாம் டயர்ல இல்ல."

பிறகு அவர் சொன்னதைக் கேட்டு, கோபப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. புதிதாக நான்கு சென்சார் வாங்கியிருக்கிறார். சக்கரத்தில் மாட்டினால் மறுபடியும் ரிம் கீறும். அதனால் நான்கையும் ஒரு பி.வி.சி. பைப்புக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, வால்வு வைத்துக் காற்றடித்து, டிக்கிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். கார் அளப்பது அந்தப் பைப்பை. டயர் கிழிந்து தொங்கினாலும் திரையில் முப்பத்திரண்டுதான் வரும். ரிம்முக்குப் பயந்துதான் அந்தக் கசிவையும் கடையில் காட்டவில்லை.

"பாத்தாலே தெரியாதா, டயர் அமுங்கியிருக்குன்னு?"

"அந்த வண்டி டயருக்குப் பக்க உயரம் ரொம்பக் கம்மி. பாதி காத்து போனாலும் வெளிய தெரியாது." கையால் முகத்து நுரையை வழித்தெறிந்தார். "வேகமா போறப்ப சூடாகி வெடிச்சா..."

"வாய மூடுங்க" என்றேன்.

போன் அடித்துப் பார்த்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஓட்டும்போது போனைத் தொட்டால் சாவியைத் தொடாதே என்று அவளை மிரட்டி வளர்த்தவரே இவர்தான். சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்திருப்பாள். அப்பா சொன்ன ஒன்றைக்கூட மீறாதவள். எனக்கு அழுகை அங்கேதான் முட்டியது.

என் ஸ்கூட்டரை எடுத்தேன். அவர் ஓட்ட வந்தார். சாவியைக் கொடுக்காமல் பின்னால் உட்காரச் சொன்னேன். காற்றடிக்கும் சின்ன பம்பை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காதுக்குக் கீழே ஷேவிங் நுரை அப்படியே இருந்தது. இருக்கட்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே பெட்ரோல் போட்டு, காபி குடித்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் ஓரமாக ஏதாவது சிவப்பாகத் தெரிந்தால் என் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு குப்பைத் தொட்டிக்குக்கூட பிரேக் போட்டேன். பின்னால் இவர், "இன்னும் கொஞ்சம் வேகமா, இன்னும் கொஞ்சம்" என்று தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"செவப்பு காரா? அந்தப் பொண்ணு அப்பவே கெளம்பிடுச்சே" என்றார் பங்க் ஊழியர்.

என் கணவர் பம்பைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் காட்டின நம்பர நம்பிப் போறா" என்றார். "நான்தான் காட்டினேன்." அவர் அழுது நான் பார்த்ததில்லை. தேற்ற எனக்கு மனசு வரவில்லை; திட்டவும் வாய் வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?"

"நீ எங்கடி இருக்க?"

"ரோட்டோரமா நிக்கிறேன். நல்லாத்தான் இருக்கேன். எங்க இருக்கீங்க? இங்க வாங்க. டிக்கியில ஒரு பைப் இருக்கு, அத அவர்கிட்டயே கேக்கணும்."

நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு அவள் தெரிந்தாள். சாலையோரத் தடுப்பின் மேல், இன்டர்வியூவுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பைப். ஆடாமல் இருப்பதற்காக அவளுடைய சின்ன வயசுத் துண்டால் சுற்றி வைத்திருந்தார் மனிதர்.

"இவ்ளோ வேகமா வந்தும் நம்பர் ஏறவே இல்ல" என்றாள் அவரிடம். "டயர் சூடானா காத்து ஏறும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நாலும் ஒரே முப்பத்திரண்டு. அதுவே ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு. நிறுத்தித் தொட்டுப் பாத்தேன், பின் டயர்ல கை வைக்க முடியல. காத்து அளக்கிற கேஜ் எடுக்கலாம்னு டிக்கியத் தொறந்தா இது."

அவர் விளக்க ஆரம்பித்தார். ரிம், கீறல், சென்சார் விலை என்று எதையெல்லாமோ சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"லைட் எரிஞ்சிட்டே இருந்திருந்தா நானே பாத்திருப்பேன்பா. நீங்க நல்லாருக்குன்னு சொன்னதாலதான் பாக்கல. இனிமே நீங்க நல்லாருக்குன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

அவர் குனிந்து பம்பின் வயரைக் காரில் சொருகி, பின் சக்கரத்தின் முன்னால் மண்டி போட்டார். காற்று ஏறி முடிந்ததும், கேஜை எடுத்து மற்ற மூன்றையும் தானே அளந்து, ஒவ்வொன்றையும் அவளிடம் காட்டினார். ஒன்றுகூட முப்பத்திரண்டு இல்லை.

அவர் எழுந்தபோது, மகள் அந்தத் துண்டின் ஓரத்தால் அவர் காதுக்குக் கீழே காய்ந்திருந்த நுரையைத் துடைத்தாள். பிறகு பைப்பை அவர் கையில் கொடுத்தாள்.

"அம்மா என்கூட வரட்டும். நீங்க ஸ்கூட்டர்ல பின்னாடியே வாங்க. லேட்டாகும்னு அங்க போன் பண்ணிச் சொல்லிட்டேன். வழியில மொதல் டயர் கடையில நிறுத்துவேன். பைப்ப அறுத்து நாலையும் சக்கரத்துல போடச் சொல்லி நீங்களே கடைக்காரர்கிட்ட சொல்லணும்."

"ரிம்மு..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சொல்றேன்" என்றார்.

அந்தக் காரில் நான் உட்கார்ந்து பல வருடம் ஆகிறது. மெதுவாகத்தான் ஓட்டினாள். அப்படியும் பைப்பை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த மனிதர் கண்ணாடியில் சிறுத்துக்கொண்டே போனார். திரையில் கொஞ்ச நேரம் முப்பத்திரண்டு நின்றது. பிறகு, பைப் எட்டாத தூரத்துக்குப் போனதும், எண்கள் ஒவ்வொன்றாக மறைந்து, வெறும் கோடுகள் வந்தன. கடைசியில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

நான் பதறிப்போய் விரலால் காட்டினேன். மகள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"எரியட்டும்மா. இப்பதான் உண்மையச் சொல்லுது" என்றாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, அப்பா வந்து சேரட்டும் என்று வேகத்தை இன்னும் குறைத்தாள்.