அமாவாசையன்று வந்த குழு

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் நெசவாளி தாமோதரன் வீட்டுக் கிணறு கெட்டு மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தண்ணீரில் குளித்து அவர் மகளுக்குக் கைகால் முழுக்கச் சொறி. வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் சாயப்பட்டறைக்காரன் கழிவைக் கொட்டுவது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிந்தால் போதுமா? கொட்டும்போது பிடித்துத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்தால்தான் வழக்கு நிற்கும்.

திருப்பதி வக்கீல் ஸ்ரீப்ரியா இரண்டு வருடம் நடையாய் நடந்து, பட்டறைக்குச் சொல்லாமல் வந்து பார்க்க ஒரு குழுவைப் போட வைத்தாள். தேதியை மனுதாரரே ரகசியமாகக் கொடுக்கலாம் என்றது பசுமைத் தீர்ப்பாயம். இப்படியொரு வாய்ப்பு வக்கீல்களுக்கு லேசில் கிடைக்காது.

"அமாவாசைக்குப் போடுங்கம்மா" என்றார் தாமோதரன் போனில். "அன்னிக்கு தறிக்கு லீவு. மத்த நாள்னா கூலிய வுட்டுட்டு எவன் வருவான்? அன்னிக்கின்னா தெருவே வந்து சாட்சி சொல்லும்."

சாட்சிகள் என்றதும் அவளுக்கு வாயெல்லாம் பல். அமாவாசை என்றால் அவளுக்கு அப்பா செய்யும் தர்ப்பணம், அது முடியும்வரை வீட்டில் சாப்பாடு கிடையாது. அதற்குமேல் யோசிக்கவில்லை. தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அன்று தெருவே திரண்டிருந்தது. தாமோதரனுக்கு அவர் மனைவி கமலம்மா சலவைச் சட்டை போட்டு அனுப்பியிருந்தாள். கால்வாயில் அடியில் கிடந்த கூழாங்கல்வரை தெரிந்தது. பட்டறைக் கதவில் பூட்டு. தறி ஓடாத நாளில் சாயம் மட்டும் காய்ச்சுவார்களா? நகரியில் அமாவாசைக்கு நெசவுத் தொழில் மொத்தமும்தான் லீவு.

தாமோதரன் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "கால்வாயப் பத்தி நெனைக்கவே இல்லம்மா. இவங்க கூலி போவக்கூடாதுன்னுதான் நெனச்சேன்" என்றார் தணிந்த குரலில்.

குழுத் தலைவர் நாகபூஷணம், சித்தூர்க்காரர், நல்ல மனிதர். அதுதான் வம்பு. பார்த்ததைத் தவிர ஓர் எழுத்து கூட்டி எழுத மாட்டார். 'நீர் தெளிவாக உள்ளது' என்று தெலுங்கில் எழுதினார். இன்று விடுமுறை என்பதையும் பதிய வேண்டும் என்றாள் ஸ்ரீப்ரியா. பதிந்தார். 'தேதி கொடுத்தது மனுதாரர் தரப்பு' என்பதையும் பதிந்தார். அதற்குள் காவலாளி முதலாளிக்குப் போன் போட்டுவிட்டான். ரகசியம் அத்தோடு போயிற்று.

மறுநாள் காலை ஆறரைக்குத் தாமோதரனின் போன் வந்தது.

"அம்மா, இன்னா செகப்பா வந்துகினு கீது தெரியுமா! அவங்கள ஒடனே வரச் சொல்லுங்க. ஒருத்தரும் தறிக்குப் போவல. தெருவே கால்வாயாண்ட நின்னுகினு கீறோம்."

ஸ்ரீப்ரியா எத்தனையோ கட்சிக்காரர்களிடம் தோற்றதைச் சொல்லியிருக்கிறாள், இவ்வளவு கஷ்டமாய் இருந்ததில்லை.

"வர மாட்டாங்க. அவங்க அறிக்கை நேத்து சாயங்காலமே போயாச்சு. இனி மூணு மாசம் கழிச்சுத்தான் வாய்தா. தப்பு என்னுது, தாமோதரன். நான் யோசிச்சிருக்கணும்."

போனில் அவருக்குப் பின்னால் யாரோ, "இன்னா சொல்றாங்க, எப்ப வராங்களாம்?" என்று கேட்டார்கள்.

"வந்துகினு கீறாங்களாம்" என்றார் தாமோதரன், போனை வைக்காமலே.