இரண்டாவது கிளாஸ்

மாமனார் எர்வினின் எண்பதாவது பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம், சகலை கர்ட் தன் பீர் பீப்பாயைத் தூக்கிவந்து ரோலண்டின் கராஜ் ஃப்ரிட்ஜில் இறக்கிவிட்டுப் போனான். அப்போதிருந்தே ரோலண்டுக்கு வயிறு எரிந்தது. அமெரிக்காவின் மில்வாக்கியில் இந்தக் குடும்பத்து விசேஷங்களுக்கெல்லாம் வீட்டில் காய்ச்சிய பீர் ஊற்றுவது அவன்தான். நேற்று முளைத்த கர்ட்டுக்கு இடையில் என்ன வேலை? ரோலண்ட் தன் பீரில் நுரை பிடிக்க நிதானமாக இரண்டு வாரம் கேஸ் ஏற்றுவான். கர்ட்டோ பீப்பாயை மடியில் போட்டு ஆட்டு ஆட்டென்று ஆட்டி, ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவான். அதையும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ரோலண்டின் சொந்த மனைவி லோயிஸே சொன்னாள், உதட்டை நக்கிக்கொண்டு.

எர்வின் எந்த விருந்திலும் இரண்டு கிளாஸ்தான் குடிப்பார். முதலாவது மரியாதைக்கு, இரண்டாவது ஆசைக்கு. இதுவரை இரண்டும் ரோலண்டுடையதுதான், போட்டிக்கு ஆளில்லாததால்.

ஃப்ரிட்ஜுக்குள் ஒரே கேஸ் சிலிண்டர். அதிலிருந்து இரண்டு பீப்பாய்க்கும் ஆளுக்கொரு குழாய், குழாய்க்கொரு திருகு. ரோலண்ட் பீப்பாய்களுக்குப் பின்னால் கைவிட்டுத் தன் குழாயின் திருகை அடைத்தான். சிலிண்டரின் அழுத்த மீட்டர் முள்ளைப் பன்னிரண்டிலிருந்து முப்பதுக்கு ஏற்றினான். நாளைக்கு கர்ட்டின் பீர் வெறும் நுரையாகத்தான் வரும்.  சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் போனான்.

மறுநாள் விருந்தில் எர்வின் கிளாஸை நீட்டியதும், ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த, தன் பீரை ஊற்றும் பிடியை ரோலண்ட் பெருமையாக இழுத்தான். சீறிக்கொண்டு வந்தது நுரை. கிளாஸ் நிறைய, கை நிறைய, சட்டை நிறைய நுரை.

"என்ன ரோலண்ட், மாமாவுக்கு ஷேவிங் பண்ணிவிடப் போறியா?" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

கர்ட் ஃப்ரிட்ஜைத் திறந்து குனிந்தான். முள் முப்பதில் நின்றது. பீப்பாய்களுக்குப் பின்னால் குழாய்கள் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்றை விரலால் தடவிக்கொண்டே போனான். அடைத்திருந்தது கர்ட்டின் சொந்தக் குழாய்; ஏறிய கேஸெல்லாம் ரோலண்டின் பீப்பாய்க்கே போயிருந்தது. நிமிர்ந்து ரோலண்டைப் பார்த்தான்.

"தப்பு என்மேலதான். நேத்து மாட்டும்போது முள்ளத் திருப்பிட்டேன் போல" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி. முள்ளை இறக்கினான், ரோலண்டின் பீப்பாய் மூடியில் இருந்த வளையத்தை இழுத்து மிஞ்சிய கேஸை வெளியேற்றினான், தன் திருகைத் திறந்தான். பிறகு காதோரம், "எந்தக் குழாய்னு தடவிப் பாத்துட்டுத் திருகணும்னு நீதானய்யா எனக்குச் சொன்ன" என்றான்.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலை. பாவி, நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே என்று ரோலண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நுரை அடங்கும்வரை எர்வின் பொறுமையாகக் காத்திருந்து, அடியில் தேறியதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு கிளாஸை மறுபடி நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்துப்பா."

எதிலிருந்து என்று சொல்லவில்லை. கர்ட் வேண்டுமென்றே சாசேஜ் புரட்டப் போய்விட்டான். ரோலண்ட் இரண்டு பிடிகளையும் பார்த்தான். கை தானாக கர்ட்டின் பிடிக்குப் போனது. பொன்னிறமாக, சத்தமில்லாமல் இறங்கியது பீர். மேலே நுரை எழும்பத் தொடங்கியது. வழிந்துவிடு, வழிந்துவிடு என்று அவன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தான். ஒரு விரல் கனத்துக்கு எழும்பி, விளிம்பைத் தொட்டு, நின்றது.