காரின் வயிறு இடிக்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் இருந்த தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தம்பி ஒரு பெரிய தாளை விரித்தான். தாள் சுருண்டுகொண்டு எழும்பியது. ஒரு மூலையில் உப்பு ஜாடி, ஒரு மூலையில் சாவிக்கொத்து, இன்னொரு மூலையில் அக்காவின் கால்குலேட்டர் என்று பாரம் வைத்தான். நாலாவது மூலையை மேஸ்திரி தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். முன்முற்றத்தின் வலது ஓரத்தில், வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கப்போகிற கார் ஷெட்டின் படம் அது. கார் இன்னும் வரவில்லை, பதிவு செய்து காத்திருக்கிறார்கள்.

"அக்கா, பட்ஜெட்டை நீதான் போடணும். கணக்குன்னு வந்துட்டா இந்தத் தெருவிலேயே உன்னை அடிச்சுக்க ஆளே கிடையாது."

அது முகஸ்துதி இல்லை. தெருவில் அவளுக்குப் பெயரே கணக்கக்கா. மருந்துக்கடை, மரக்கடை, அச்சகம் என்று அக்கம்பக்கத்துக் கடைகளின் வரவுசெலவெல்லாம் அவள் மேஜையில்தான் நேராகும். நாலு வருடங்களுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். விழுந்ததில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் தம்பி, தம்பி மனைவி, அவள். வீட்டு வாசலில் மூன்று படிகள்.

இந்த மூன்று படிகளைத்தான் கணக்கக்காவால் தாண்ட முடியவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் தம்பி வர வேண்டும். அவளைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்தி இறக்க வேண்டும், பிறகு நாற்காலியை இறக்க வேண்டும். தம்பியும் மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். அதுவரைக்கும் வாசல் கதவு திறந்துதான் கிடக்கும், ஆனால் அவளுக்கு அது சுவர்தான்.

"வீட்டோட ஒட்டிக் கட்டினா புகையும் பெட்ரோல் வாசனையும் உள்ள வரும்க்கா. அதான் தனியா," என்றான் தம்பி. "செலவு கொஞ்சம் கூடத்தான். பரவாயில்ல."

"மழை பேஞ்சா இங்க தண்ணி தேங்கும் சார். தரையை ஒரு அடி ஒசத்திரலாம்," என்றார் மேஸ்திரி. "ஏறுறதுக்கு அஞ்சடி சரிவு போட்டா போதும்."

தம்பி பதறிப்போனான். "அஞ்சடியா? என்ன மேஸ்திரி, கார் ரொம்பத் தாழ்வு. வயிறு இடிச்சிரும்! நல்லா நீட்டிப் போடுங்க. ஏறுறதே தெரியக் கூடாது. மழையில டயர் வழுக்காம மேல கோடு கோடா இழுத்து விட்டுருங்க."

கணக்கக்கா எழுதிக்கொண்டாள். சரிவு, நீளமாக.

அடுத்தது அகலம். தம்பி எழுந்து நின்று, காரிலிருந்து இறங்குகிறவனைப் போல நடித்தே காட்டினான். கதவு முழுதாகத் திறக்க வேண்டுமாம். இறங்குகிறவரின் முழங்கை சுவரில் உரசக் கூடாதாம். இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி. கணக்கக்கா தன் கைகளைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் காய்ந்தும் காயாமலும் சிராய்ப்புகள். குளியலறைக் கதவு அவள் நாற்காலியைவிட ஒரு விரற்கடைதான் அகலம். சக்கரத்தைத் தள்ளும்போது தினமும் நிலைச்சட்டம் தோலைப் பிய்க்கும். இதைத் தம்பி பார்த்திருக்கிறான். மருந்துகூட வாங்கி வந்து போட்டிருக்கிறான். கதவை அகலமாக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதில்லை.

"கடைசியா எதிர்பாராத செலவுன்னு பத்துல ஒரு பங்கு ஒதுக்கிரு. எதுவும் சொல்ல முடியாது பாரு."

கணக்கக்காவுக்குச் சுருக்கென்றது. எதிர்பாராத செலவுக்குப் பணம் இருக்கிறது. கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிற செலவுக்குத்தான் இல்லை. எதிர்பாராத செலவுக்கு மேலே ஒரு வரி எழுதினாள்: வீட்டு வாசலுக்குச் சாய்தளம்.

தம்பி தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தான். அந்த வரிக்கு வந்ததும் புருவம் சுருங்கியது.

"இது எதுக்குக்கா இதுல?"

"எனக்கு."

"சார், அது பெரிய விஷயமே இல்ல," என்று மேஸ்திரி இடையில் புகுந்தார். "ஷெட்டு வேலையில மிஞ்சுற செங்கல், ஜல்லி இருக்கும். நாலு மூட்டை சிமெண்டு எச்சா வாங்கினா போதும். சுவரை ஒட்டினாப்பல ஏத்திக்கிட்டுப் போயிரலாம்."

"வாசலோட அழகே போயிடும் மேஸ்திரி. வர்றவங்க என்ன நினைப்பாங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அதுவுமில்லாம ஷட்டருக்கு ரிமோட் போடணும், பட்ஜெட் இடிக்குது." பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தான். இழுத்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தான். "நான்தான் தூக்குறேனே அக்கா! ஒரு நாளாவது முகம் சுளிச்சிருக்கேனா?"

சுளித்ததில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போதெல்லாம் எதிர்வீட்டுக்காரர் கேட்டருகே வந்து நின்று, "தங்கமான தம்பி! இந்தக் காலத்துல யாரு இப்படிப் பார்ப்பாங்க?" என்பார். தம்பியின் முகம் மலரும். அவன் கைகளில் மூட்டையாகக் கிடப்பவளின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. நாலு வருடமாக அவள் நன்றியாக விழுங்கியதெல்லாம் கோபம் என்று அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஷெட் வளர்ந்தது. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தூண் எழுந்தது, கூரை ஏறியது, சரிவின் மேல் மேஸ்திரி குந்தி உட்கார்ந்து கோடு கோடாக இழுத்தார். அவள் எழுதின பட்ஜெட்டில் ஒரு காசு கூடவில்லை. "எங்கக்கா போட்ட கணக்கு!" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த நாட்களில்தான் ஆடிட்டர் போன் செய்தார். அவருக்காக அவள் வீட்டிலிருந்தே சில கணக்குகள் பார்த்துக் கொடுப்பது வழக்கம். அலுவலகத்தில் தலைமைக் கணக்காளர் வேலை காலியாகிறது, தரைத்தளம், படியே கிடையாது, வருகிறீர்களா என்று சென்ற மாதமே கேட்டிருந்தார். அவளும் துள்ளிக் குதிக்காத குறையாகச் சரி என்றிருந்தாள்.

"அம்மா, வேற ஆள் பார்க்கட்டுமான்னு உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான்..." என்று இழுத்தார்.

"ஏன் சார்? நான் வர்றேன்னுதானே சொன்னேன்?"

"உங்க தம்பி வந்திருந்தாரே. அக்காவால தினமும் வர முடியாது, சங்கடப்பட்டுக்கிட்டு சொல்லாம இருக்காங்க, விட்டுருங்கன்னாரே?"

கணக்கக்கா குரலை நடுங்க விடவில்லை. "ஒண்ணாம் தேதி காலையில உங்க ஆபீஸ்ல இருப்பேன். எழுதி வச்சுக்குங்க சார்."

சாயங்காலம் தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள். "என் வேலையை வேண்டாம்னு சொல்ல நீ யாருடா?"

"உன் நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன். தினமும் ரெண்டு வேளை தூக்கி இறக்கி ஏத்தினா என் முதுகு என்னத்துக்கு ஆகும்? அதையும் நீ யோசிக்கணும்ல?"

"அதுக்குத்தானே சாய்தளம் கேட்டேன்!"

"பார்க்கலாம்க்கா. முதல்ல கார் வரட்டும்."

பார்க்கலாம்! விபத்து நடந்த வருடம் கேட்டபோதும் இதே பார்க்கலாம்தான். இல்லை என்று சொன்னால் சண்டை போடலாம். பார்க்கலாம் என்பவனோடு எப்படிச் சண்டை போடுவது? தம்பி மனைவி அடுக்களை வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், புருஷன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

மாதத்தின் கடைசி நாள் கார் வருவதாக இருந்தது. காலையிலேயே தம்பி புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "அக்கா, முதல்ல நீதான் பார்க்கணும். நீ போட்ட பட்ஜெட்டாச்சே!" என்று அவளைத் தூக்கி இறக்கி, முற்றத்து நிழலில் உட்கார வைத்தான். எதிர்வீட்டுக்காரர் வழக்கம்போலத் தங்கமான தம்பி என்றார். கணவனும் மனைவியும் ஆட்டோ பிடித்து ஷோரூமுக்குப் போனார்கள். ஷெட்டில் மேஸ்திரி மட்டும் ஷட்டருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

கணக்கக்கா சரிவைப் பார்த்தாள். அவள் கையால் எழுதிய சரிவு. சக்கரத்தைத் தள்ளினாள். முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறியது. கோடுகளின் மேல் ரப்பர் கரகரவென்று பிடித்துக்கொண்டது. மேஸ்திரி உதவ ஓடி வந்தார். "தொடாதீங்க!" என்று கத்தினாள். மூச்சு வாங்கியது, தோள் வலித்தது, ஆனால் ஏறுவதே தெரியவில்லை. தம்பி சொன்னபடியேதான் கட்டியிருந்தார்கள்.

உள்ளே போய் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள். இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி. எதிலும் விரல் முட்டி இடிக்கவில்லை. நாலு வருடத்தில் முதல்முறையாக, வீட்டுக்கு வெளியே யாரையும் கூப்பிடாமல் ஓர் இடத்துக்குள் நுழைந்திருக்கிறாள். அழுகை பீறிட்டது. சந்தோஷ அழுகை இல்லை. இவ்வளவு சுலபமான ஒன்றையா என்னிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தீர்கள் என்ற ஆத்திரம்.

"இதையே வாசல்ல போட்டிருந்தா ரெண்டு நாள் வேலைம்மா," என்றார் மேஸ்திரி மெதுவாக.

"தெரியும் மேஸ்திரி. நான்தானே பட்ஜெட் போட்டேன்."

வாசலில் ஹாரன் கேட்டது. பளபளவென்று வெள்ளைக் கார் கேட்டுக்குள் நுழைந்து, சரிவருகே வந்து நின்றது. ஷெட்டின் நட்டநடுவில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தம்பி கண்ணாடியை இறக்கிச் சிரித்தான்.

"போட்டோ எடுக்கவா? அப்புறம் எடுக்கலாம்க்கா. கொஞ்சம் நகரு."

"நகர மாட்டேன்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. இனிமே நான் இங்கதான் இருக்கப் போறேன். இந்தக் காம்பவுண்டுக்குள்ள நானா போய் நானா வர்ற மாதிரி நீ கட்டின ஒரே இடம் இதுதான். நாளைக்குக் காலையில நான் வேலைக்குப் போகணும்."

தம்பி காரை விட்டு இறங்கினான். முகம் சிவந்திருந்தது. "தெருவே வேடிக்கை பார்க்குதுக்கா. கார் வெயில்ல நிக்குது!"

"நிக்கட்டும். என்னை மாதிரி நாலு வருஷம் காத்துக்கிடக்கச் சொல்லலையே."

எதிர்வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கேட்டைத் திறந்துகொண்டே வந்துவிட்டார். "ஏம்மா, தங்கமான தம்பியை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கலாமா? கையில வச்சுத் தாங்குறானே!"

"கையில வச்சுத் தாங்குறான்தான் சார். என்னைத் தரையில விட்டா நானே போயிருவேனே!" கணக்கக்காவின் குரல் ஷெட்டுக்குள் முட்டி எதிரொலித்தது. "காரோட வயித்துல ஒரு கீறல் விழக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சவனுக்கு, என் கையில தோல் உரிஞ்சது கணக்குல வரல. பேனா எடுத்து ஒரே கோட்டுல அடிச்சுவிட்டான் சார், என்னை. இவன் என்னைத் தூக்கும்போது மட்டும் கை தட்டுறீங்களே, அந்த மூணு படி ஏன் இன்னும் இருக்குன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?"

எதிர்வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பினார்.

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. தம்பி மனைவி இறங்கி, யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டுதான் போகிறாள் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மடக்குக் கட்டிலையும் தலையணையையும் சுமந்துகொண்டு வந்தாள். சரிவில் ஏறி, கட்டிலை விரித்தாள்.

"நீயுமா?" என்றான் தம்பி.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பார்க்குறேன். முன்னாடியே பேசியிருக்கணும். உங்கக்கா சொல்றதுல என்ன தப்பு?" என்றவள், மேஸ்திரியிடம் திரும்பினாள். "நாளைக்கே வாசல் வேலையை ஆரம்பிங்க. எதிர்பாராத செலவுல எழுதிக்குங்க."

அன்றிரவு கார் முற்றத்தில் நின்றது. மறுநாள் காலை கணக்கக்கா சரிவில் இறங்கி, கேட்டைத் தாண்டி, ஆட்டோவில் தன் கைகளை ஊன்றி ஏறி, நாற்காலியை மடித்து உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். மேஸ்திரி படியின் பக்கத்தில் செங்கல் அடுக்கினார். கட்டிய பிறகு சிமெண்டு இறுக வேண்டும் என்று ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினார். அந்த வாரம் முழுவதும் புதுக்காரின் மேல் காக்கை எச்சமிட்டது, தம்பி காலையும் மாலையும் துடைத்தான். துடைக்கும்போதெல்லாம் ஷெட்டுக்குள் அக்கா கணக்குப் பார்ப்பது அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

வாசல் வேலை முடிந்த அன்று சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பினாள். சுவரை ஒட்டிப் போகும் புதுச் சாய்தளத்தில் சக்கரத்தை வைத்தாள். தம்பி வாசலில் நின்றிருந்தான். பழக்கதோஷத்தில் இரண்டு கைகளும் தாமாகவே நீண்டன.

"கையை எடு," என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டான். அவள் மெல்ல மெல்ல ஏறி, வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்து நின்றாள். தம்பியின் கண் கலங்கியிருந்தது. "தப்புத்தான்க்கா. தூக்குனாலே போதும்னு நினைச்சுட்டேன்."

"தூக்கிவிடறது உதவிதான்டா. வழியை அடைச்சு வச்சுக்கிட்டுத் தூக்கிவிடறது உதவி இல்ல, சிறை. என்னை மாதிரி இருக்கவங்க யாரும் உங்க இரக்கத்தைக் கேக்கல. வழியைத்தான் கேக்குறோம்." நாற்காலியைத் தன் அறைப் பக்கம் திருப்பினாள். "குளியலறைக் கதவு இன்னும் பாக்கி இருக்கு. நாளைக்கு அதைப் பேசுவோம். போ, போய் உன் காரை உள்ள விடு. வயிறு இடிக்காமப் பார்த்துக்கோ."