பளிங்குப் பேரிக்காய்

அந்தக் குளிர்காலத்தில் ஃபெரிதேவுக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. அதன் பிறகு அவள் வீட்டைவிட்டுக் கிளம்பியது அன்றுதான். படகோட்டியான அவள் கணவன் நெஜ்தெத், கையைப் பிடித்து உஸ்குதார் படகுத்துறைக்கு எதிரே இருந்த சுல்தான் காலத்துத் தண்ணீர் மண்டபத்துக்கு அழைத்து வந்தான்.

"எப்படி இருக்குன்னு சொல்லு."

"நீதான் பாத்திருக்கியே. பெரிசா இருக்கு. பளிங்கு."

"பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல நான் எங்க பாத்தேன்? ஏய் மனுஷா, தினமும் இதைத் தாண்டித்தானே வேலைக்குப் போறே! நல்லாப் பாத்துச் சொல்லு."

அவனுக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தான். கூரையின் விளிம்பு நாலு பக்கமும் அகலமாக நீண்டு நிழல் தந்தது. அதன் கீழே பொன்னெழுத்தில் கவிதை ஓடியது. குழாய்க்கு மேலே கூர்வளைவு. இருபுறமும் ஜாடிகளில் துலிப் மலர்கள். கல்லென்றே தோன்றாதபடி இதழ்களை அவ்வளவு மெல்லிசாக இழைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது.

"இங்க ஒரு கிண்ணம் நிறையப் பழம் செதுக்கியிருக்கான் பாரு" என்று அவள் விரல்களை எடுத்து அதன்மேல் வைத்தான்.

ஃபெரிதே நிதானமாகத் தடவினாள். "பேரிக்காய்! காம்புகூட இருக்கு!" பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "இத்தனை வருஷம் கண்ணு இருந்தும் இதைப் பாக்கலையே நான்."

"நான் மட்டும் பாத்தேனாக்கும்?" என்றான் நெஜ்தெத். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளை அடுத்த பக்கத்துக்கு மெதுவாகத் திருப்பினான்.